எல் நினோ வருடத்தில் பழைய கட்டையை உழுதுவிட்டுப் புதுக் கரும்பு நடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரை ஊரான ஸ்டேங்கருக்கு உள்நாட்டுப் பக்கம், உம்வோட்டி ஆற்றுக்கு வடக்கே எங்களுக்கு 18 ஹெக்டேர் கரும்பு இருக்கிறது. அப்பா தவறிய பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு 60 வயது. நிலத்தில் முக்கால்வாசி சாம்பல் நிற மணல், மேட்டில் மட்டும் சிவப்பு மண். மணல் பகுதியில் நிற்பது ஒன்பதாவது, பத்தாவது கட்டை, அதாவது வெட்டிய அடியிலிருந்தே திரும்பத் திரும்பத் தழைத்த பழைய கரும்பு. விளைச்சல் வருடா வருடம் இறங்குகிறது. போன பருவத்தில் லாரி கிடைக்காமல் 4 ஹெக்டேர் வெட்டாமலே நின்றுவிட்டது. இந்த வசந்தத்தில் பழைய கட்டையை உழுதுவிட்டுப் புதிதாக நடலாம் என்று இருந்தேன். அதற்குள் வானொலியில் எல் நினோ, வறட்சி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். 2015 மாதிரி ஆகுமா? நடலாமா, வேண்டாமா? போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டால் கரும்பைக் காப்பாற்றலாமா? வீட்டை ஒட்டி ஒரு ஏக்கரில் பீன்ஸ், மிளகாய், வெந்தயக்கீரை, மல்லி போட்டு வெருலம் சந்தைக்கு அனுப்புகிறேன். அதற்கு நகராட்சித் தண்ணீர்தான். ஹேசல்மியர் அணை எவ்வளவு இருக்கிறது என்று தினமும் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. டர்பனில் இருக்கும் தம்பி நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிடலாம் என்கிறான்.

— ஒரு வாசகி, ஸ்டேங்கர்

பதில்:

அக்கா, உழுது நடுவதற்குத்தான் நாள் நெருங்குகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாம்பல் மணலில் இந்த வசந்தத்தில் நடாதீர்கள். அந்தக் கட்டை எவ்வளவு கிழடாக இருந்தாலும் இன்னொரு வெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மண் மேட்டில் நட ஆசை என்றால் நடலாம், ஆனால் நாள்காட்டியைப் பார்த்து நடக்கூடாது, மழை மண்ணை நன்றாக நனைத்த பிறகு நட வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனி விவரமாகச் சொல்கிறேன்.

எல் நினோ என்று சொன்னாலே பலருக்கு வறட்சி வந்தே தீரும் என்று காதில் விழுகிறது. நடப்பது இதுதான்: பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிட அரை டிகிரிக்கு மேல் சூடாகி, பல மாதம் அப்படியே நின்றால் அதை எல் நினோ என்கிறார்கள். அந்த நேரத்தில் கோடையில் நம் தலைக்கு மேல் வரவேண்டிய மேகப் பட்டை கிழக்கே நகர்ந்து, மடகாஸ்கர் பக்கம் கடலில் கொட்டிவிடுகிறது. நமக்கு மேலே உயர் அழுத்தம் உட்கார்ந்துகொள்கிறது. வெயில் ஏறும், மழை குறையும். இது அதிகம் தெரிவது டிசம்பர் முதல் மார்ச் வரை. அக்டோபர், நவம்பர் மழைக்கு அதன் பிடி அவ்வளவு இல்லை. நம் கடலோரத்துக்குக் கடற்காற்று கொண்டுவரும் மழையும் சேர்ந்து கிடைப்பதால், உள்நாட்டு மக்காச்சோளக்காரர்கள் படும் பாட்டை அப்படியே நாமும் படுவதில்லை.

1982-83, 1991-92, 2015-16 மூன்றும் எல் நினோ வருடங்கள், மூன்றிலும் வறட்சி நம்மை அடித்தது. ஆனால் 1997-98-ஐயும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் அது ஒன்று. எல்லோரும் பயந்துபோய் நடவைக் குறைத்தார்கள். கடைசியில் நாட்டின் பெரும்பகுதியில் மழை ஏறக்குறைய வழக்கம்போலவே பெய்துவிட்டுப் போனது. 1983 வறட்சியில் தவித்த நேட்டாலின் வட பகுதியை 1984 ஜனவரி கடைசியில் டொமோய்னா புயல் வந்து வெள்ளத்தில் மூழ்கடித்ததையும் உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வானிலைத் துறை மாதா மாதம் வெளியிடும் பருவ முன்னறிவிப்பை இந்தக் கண்ணோட்டத்தில்தான் படிக்க வேண்டும். பழைய வருடங்களின் மழையை அவர்கள் மூன்று பங்காகப் பிரித்துவைத்திருக்கிறார்கள்: குறைந்தது, நடுத்தரம், கூடியது. ஒன்றுமே தெரியாத வருடத்தில் மூன்றுக்கும் வாய்ப்பு சமம், ஆளுக்கு 33 சதவீதம். "வழக்கத்தைவிடக் குறைவாகப் பெய்ய 50 சதவீத வாய்ப்பு" என்று அறிவித்தால், வறண்ட பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மீதிப் பாதி வாய்ப்பு இன்னும் நடுத்தர மழைக்கும் நல்ல மழைக்கும் இருக்கிறது. வானொலியில் இந்த எண்ணைச் சொல்வதில்லை, "வறட்சி வருகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்று: ஏப்ரல், மே மாதங்களில் வெளிவரும் எல் நினோ கணிப்பு அடிக்கடி தடம் மாறும். ஆகஸ்டுக்குப் பிறகு வருவதை ஓரளவு நம்பலாம். அதனால் செப்டம்பரில் வரும் அறிக்கையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

2015 மாதிரி ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2015-ல் தென்னாப்பிரிக்கா முழுவதற்குமான சராசரி மழை 403 மில்லிமீட்டர்தான். வழக்கமான அளவு 608. 1904-ல் கணக்கு வைக்க ஆரம்பித்ததிலிருந்து அவ்வளவு வறண்ட வருடம் அதற்கு முன் இல்லை. ஆனால் கரும்பை முறித்தது அந்த ஒரு வருடம் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய கோடையும் பொய்த்திருந்தது; அடிமண் காய்ந்து கிடந்த நிலையில் இரண்டாவது அடி விழுந்தது. 2013-14-ல் நாடு முழுக்க ஏறக்குறைய 2 கோடி டன்னாக இருந்த கரும்பு, 2015-16-ல் ஒன்றரைக் கோடிக்கும் கீழே போயிற்று. தெற்குக் கடற்கரையில் உம்சிம்குலு ஆலையை அந்தப் பருவத்துக்குத் திறக்கவே இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் நிலத்துக்குள்ளேயே இருக்கிறது: இப்போது, கோடை தொடங்குவதற்கு முன், அடிமண்ணில் ஈரம் எவ்வளவு? அதைத் தெரிந்துகொள்ள வானொலி தேவையில்லை, மண்வெட்டி போதும்.

மணலில் இரண்டு இடம், சிவப்பில் ஒரு இடம், இடுப்பளவு குழி வெட்டச் சொல்லுங்கள். கரும்பு வரிசைக்குப் பக்கத்திலேயே வெட்டட்டும், இடைவெளியின் நடுவில் வேண்டாம். நீங்களே இறங்கி நின்று பாருங்கள், வேலையாள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். சாம்பல் மணலில் மேலே ஒரு சாண் கருமையாக இருக்கும். அதற்குக் கீழே வெளுத்துப்போன மணல். முழங்கால் ஆழத்திலோ சற்றுக் கீழேயோ கடினமான களிமண்ணோ பாறைச் சிதைவோ தட்டுப்படும். வேர் அங்கே திரும்பிப் படுத்திருக்கும், கீழே இறங்கியிருக்காது. அந்த வெளுத்த மணலை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். உருண்டை அப்படியே நின்றால் ஈரம் இருக்கிறது. விரித்த உடனே சரிந்தால் வேருக்கு அங்கே எதுவும் இல்லை. அப்புறம் சிவப்பு மண் குழியில் இதையே செய்து பாருங்கள், ஆகஸ்டு மாதத்திலும் ஆழத்தில் உருண்டை பிடிக்கும்.

இந்த வித்தியாசம்தான் உங்கள் முழுப் பிரச்சினையும். முழங்கால் ஆழ மணல், நன்றாக நனைந்தபின் கரும்பு எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீராக 40 முதல் 50 மில்லிமீட்டர்தான் பிடித்துவைக்கும். நடுக்கோடையில் இலை மூடிய கரும்பு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கிறது. பத்து நாளில் கதை முடிந்தது. ஆழமான சிவப்பு மண் 100-க்கு மேல் பிடிக்கும், மூன்று வாரம் மழை இல்லாவிட்டாலும் கரும்பு தாக்குப்பிடிக்கும். எல் நினோ வருடத்தில் மொத்த மழை குறைவது ஒரு பக்கம். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே வெயில் அடிக்கும் இடைவெளி நீண்டுபோவது இன்னொரு பக்கம். மணலைக் கொல்வது அந்த இடைவெளி. காலை ஒன்பது, பத்து மணிக்கே இலை சுருண்டுகொண்டால் அந்தப் பாத்தியில் ஈரம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் இரண்டு மணிக்குச் சுருண்டு மாலையில் விரிந்தால் இன்னும் சில நாள் இருக்கிறது.

நஷ்டம் எவ்வளவு வரும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கரும்பு உறிஞ்சும் ஒவ்வொரு 100 மில்லிமீட்டர் தண்ணீருக்கும் ஹெக்டேருக்கு 9 முதல் 10 டன் கரும்பு என்பது நம் பகுதியில் நீண்டகாலமாகப் புழங்கும் எண். கோடை மழை 200 மில்லிமீட்டர் குறைந்தால் ஹெக்டேருக்கு 18, 19 டன் போகும். உங்கள் 18 ஹெக்டேருக்கு முந்நூறு டன்னுக்கு மேல். ஆலைச் சீட்டில் உள்ள விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். வங்கிக்காரரோடு பேசப் போவதற்கு முன் அந்தத் தொகை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சரி, நடவுக்கு வருவோம். ஒரு ஹெக்டேர் நட 8 முதல் 10 டன் விதைக்கரும்பு வேண்டும். அதோடு உழவு, கூலி, உரம், களைக்கொல்லி. கரணை (நடுகிற கரும்புத் துண்டு) முளைவிட்டு, தன் வேரைக் கீழே அனுப்பும் வரை மேல் ஒரு சாண் மண்ணை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. அந்த ஒரு சாண் உங்கள் மணலில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். முளைத்தது பாதி, செத்தது பாதி என்று வரிசையில் வெற்றிடம் விழுந்துவிட்டால் அந்த ஓட்டை அடுத்த எட்டு, பத்து வருடமும் உங்களோடு வரும். பழைய கட்டை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதற்கு நிலத்தில் ஏற்கெனவே ஒரு பிடிமானம் இருக்கிறது, புதிய செலவும் இல்லை. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் பாட்டிமார் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நேட்டாலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஆடி மாதம் நட்ட நடுக் குளிர்காலம், மண்ணில் ஈரமே இருக்காது. இங்கே புரட்டாசி, ஐப்பசியில் வானம் திறந்த பிறகுதான் பட்டம்.

மணலை அப்புறம் எப்போது நடுவது? மழை எப்படிப் பெய்கிறது என்று பார்த்துவிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் ஒரு பகுதியை நடலாம். அதுவும் சரிப்படாவிட்டால் கட்டையை அழித்துவிட்டுச் சணப்பு மாதிரி ஒரு பசுந்தாள் பயிர் போட்டு, அடுத்த வசந்தத்துக்குத் தள்ளுங்கள். மணலில் வேரைத் தாக்கும் நூற்புழு அதிகம். கரும்பு இல்லாத அந்த இடைவெளி அதற்கும் நல்லது.

விளைச்சல் வருடா வருடம் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். பத்துக் கட்டை பார்த்த நிலத்தில் கட்டைக் குட்டை நோய் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெளியே எந்த அடையாளமும் காட்டாத நோய் அது. இலையில் புள்ளி இல்லை, அழுகல் இல்லை, கரும்பு கொஞ்சம் குட்டையாக நிற்கும், அவ்வளவுதான். நாமும் மழை போதவில்லை என்று நினைத்துக்கொள்வோம். ஈரம் குறையும்போதுதான் அதன் சேதம் இரட்டிப்பாகும். வெட்டுக் கத்தியில் ஒட்டிக்கொண்டு வயல் விட்டு வயல் போகும். தண்டுச் சாறை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். மவுண்ட் எட்ஜ்கோம் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்த்துச் சொல்வார்கள், உங்கள் பகுதி விரிவாக்க அலுவலர் மூலம் மாதிரி அனுப்புங்கள். நோய் இருந்தால், புதிதாக நடும்போது உங்கள் வயலிலிருந்தே ஒரு கரணைகூட எடுக்கக்கூடாது. 50 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம் வைத்து எடுத்த கரணையிலிருந்து வளர்த்த, சான்று பெற்ற விதைக்கரும்புதான் வாங்க வேண்டும். எந்த ரகம் என்பதை உங்கள் வட்டாரப் பூச்சி, நோய், ரகக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் கேளுங்கள், அவர்கள் அனுமதிக்காத ரகத்தை நடவும் முடியாது.

அப்பா காலத்துக் கட்டை என்.சி.ஓ. 376 ஆக இருந்தாலும் இருக்கலாம். அந்தப் பெயரில் உள்ள 'சி.ஓ.' கோயம்புத்தூர். அங்கே ஒட்டுச் சேர்த்த விதையை இங்கே கொண்டுவந்து முளைக்கவைத்து எடுத்த ரகம் அது. நேட்டால் கரும்புத் தோட்டங்களைப் பல வருடம் ஆண்டது. நம் பெரியவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் கரிப்பூட்டை நோய்க்கு அது சீக்கிரம் பலியாகும். பாசத்துக்காகத் திரும்ப நடவேண்டாம்.

இப்போது அவசரமான வேலை ஒன்று. லாரி கிடைக்காமல் நின்றுபோன அந்த 4 ஹெக்டேர். ஆலைக்குப் போகும் முதல் லாரியில் அதுதான் ஏற வேண்டும். வயது கூடிய கரும்பு, தண்ணீர் இல்லாத கரும்பு, இரண்டும் சேர்ந்த இடம் தண்டைக் குடையும் எல்டானா துளைப்பான் புழுவுக்கு விருந்து. வயலுக்குள் பத்தடி நடந்துபோய் ஒரு இருபது தண்டு வெட்டி எடுங்கள். ஓரத்து வரிசையில் எடுக்காதீர்கள், அங்கே கரும்பு வேறு மாதிரி இருக்கும். அடியிலிருந்து நுனிவரை கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். கீழ்க் கணுக்களில் சிவந்துபோன சுரங்கமும், தண்டுக்கு வெளியே சின்ன ஓட்டையில் ஈர மரத்தூள் மாதிரி கழிவும் தெரிந்தால் அதுதான். அதன் அந்துப்பூச்சி முட்டை இடுவது சோகைக்கும் (கரும்பின் காய்ந்த இலை) தண்டுக்கும் நடுவில், கண்ணுக்கு எட்டாத இடத்தில். வெட்டு தள்ளிப்போகும் வயலில் அந்தச் சோகையை உரித்துவிட்டால் முட்டை இட இடம் குறையும். இருபதில் ஐந்தாறு தண்டு இப்படி இருந்தால் இன்னொரு கோடை நிறுத்திவைக்கலாம் என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள். எடை கூடும் என்று காத்திருப்பீர்கள். ஆலையில் சர்க்கரையைப் பார்த்துத்தான் காசு கொடுப்பார்கள், எடையைப் பார்த்து இல்லை.

எல்டானா வெளியூரிலிருந்து வந்த பூச்சி இல்லை, ஆப்பிரிக்கச் சதுப்பு நிலக் கோரையில் வாழ்ந்துவந்த உள்ளூர்ப் பூச்சிதான். நாம் சதுப்பை மண் போட்டு மூடிக் கரும்பு நட்டதும் அது கரும்புக்கு மாறிக்கொண்டது. உங்கள் நிலத்தின் பள்ளத்தில் கொஞ்சம் கோரை நின்றால் அதை அழிக்காதீர்கள். அந்து அங்கேயே போய்க்கொண்டிருக்கட்டும்.

வெட்டும்போது எரிக்காமல் பச்சையாக வெட்டிச் சோகையை வயலிலேயே பரப்பிவிட முடிந்தால், இந்த வருடத்துக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. மவுண்ட் எட்ஜ்கோமில் 1939-லிருந்து ஒரே நிலத்தில் எரித்த பாத்தியையும் சோகை பரப்பிய பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்துகொண்டு வருகிறார்கள். சோகை மூடிய பாத்தி அதிகம் தருகிறது. வறண்ட வருடத்தில் அந்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது. வெயில் மண்ணில் நேராக விழாது, மழை ஓடாமல் உள்ளே இறங்கும், களையும் அடங்கும். பச்சையாக வெட்ட ஆட்கள் மறுப்பார்கள், கூலி கூடக் கேட்பார்கள், பாம்பு பயமும் உண்டு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். 18 ஹெக்டேரும் அப்படி வெட்ட முடியாது. மணலில் மிக மோசமான ஐந்தாறு ஹெக்டேரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கூடுதல் கூலி கொடுத்து வெட்டுங்கள். மீதியை எரித்தாலும், கொண்டைகளை (வெட்டிப்போடும் நுனித் தழை) ஒரு மூலையில் குவிக்காமல் வரிசை மேலே பரப்பச் சொல்லுங்கள். அதுவும் ஓரளவு காப்பாற்றும்.

உரத்தில் கை அடக்கம் வேண்டும். தழைச்சத்தைக் கூடக் கொடுத்தால் வறட்சியில் கரும்பு அதைப் பயன்படுத்தாது, எல்டானாவுக்குத்தான் கொழுப்பு ஏறும். வழக்கமாகப் போடுவதில் பாதியை மட்டும், முதல் நல்ல மழைக்குப் பிறகு போடுங்கள். டிசம்பரில் நிலவரம் பார்த்து மீதியை யோசிக்கலாம். காய்ந்த சோகை மேல் யூரியா தூவினால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும், அந்த இடத்தில் எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட் உரம்) நல்லது. சாம்பல் சத்தை மட்டும் குறைக்காதீர்கள். இலை தண்ணீரை வீணாக்காமல் மூடித் திறக்க அதுதான் உதவுகிறது. மண் மாதிரி எடுத்து அனுப்பினால் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். கீழ் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறினால் வறட்சி என்று விட்டுவிடாமல் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். 2013-ல் இந்த நாட்டுக்குள் வந்த மஞ்சள் அசுவினி காய்ந்த கரும்பைத்தான் தேடிப் போகும்.

போர் போட்டுக் கரும்பைக் காப்பாற்ற முடியாது, அக்கா. கணக்கு எளிது. வினாடிக்கு ஒரு லிட்டர் தரும் போர் உங்கள் பக்கத்து மணற்பாறையில் மோசமில்லை என்று சொல்லக்கூடியது. அதை இரவு பகலாக ஓட்டினால் 86,400 லிட்டர். ஒரு ஹெக்டேரில் அது 8.6 மில்லிமீட்டர். நடுக்கோடையில் ஒன்றரை ஹெக்டேருக்கு மேல் அதனால் தாங்க முடியாது. பதினெட்டு ஹெக்டேருக்கு என்ன செய்வீர்கள்? மின்சாரச் செலவு வேறு. ஆனால் அந்த ஒரு ஏக்கர் காய்கறிக்கு அதே போர் பொருத்தமானது. நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 20,000 லிட்டர், சொட்டு நீர்க் குழாய் போட்டு ஆறு மணி நேரம் ஓட்டினால் முடிந்தது. துளை போடுகிறவர் சொல்லும் அளவை நம்பிப் பம்பு வாங்காதீர்கள். ஒரு நாள் முழுக்க இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்றும் சோதிக்க வேண்டும், பீன்ஸ் உப்பைத் தாங்கவே தாங்காது. 1998-ஆம் வருடத் தேசிய நீர்ச் சட்டப்படி வீட்டுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் எடுக்கும் தண்ணீருக்கு அனுமதி வேண்டாம். சந்தைக்கு விற்கும் பயிர் அந்தச் சலுகைக்குள் வராது. துளை போடுவதற்கு முன் நீர்த்துறை அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள்.

போர் வரும் வரை காய்கறியைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. மிளகாயை வைத்துக்கொண்டு கீரையைக் குறையுங்கள், கீரைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். பாத்திக்குக் கரும்புச் சோகையையே மூடாக்காகப் போடலாம். பள்ளத்தில் மடும்பே (சேப்பங்கிழங்கு) போடும் வழக்கம் இருந்தால் இந்த வருடம் வேண்டாம், அது சேற்றுப் பயிர்.

ஹேசல்மியர் அளவை தினமும் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள், தூக்கம் வரும். அந்த அணை உம்லோட்டி ஆற்றில் இருக்கிறது. வெருலம், டோங்காட் பக்கத்துக் குழாய்களுக்கான தண்ணீர். உங்கள் கரும்பு வானத்தை நம்பி நிற்கிறது, அணையில் ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் நவம்பரில் 80 மில்லிமீட்டர் பெய்தால் அதற்குப் போதும். அணை நிரம்பி வழிந்தாலும் வயலில் இலை சுருளலாம். குழாய்த் தண்ணீருக்கும்கூட அணை மட்டுமே கணக்கு இல்லை: 2015-ல் அணை வற்றி நம் பக்கம் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள், 2022 ஏப்ரலில் வெள்ளம் சுத்திகரிப்பு நிலையத்தையே அடித்துக்கொண்டு போனதால் டோங்காட் மக்கள் மாதக்கணக்கில் வாளியோடு அலைந்தார்கள். கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு 5,000 லிட்டர் தொட்டி வாங்கி வையுங்கள், வறட்சிக்கும் உதவும், வெள்ளத்துக்கும் உதவும்.

தம்பி சொல்லும் விற்பனை பற்றி: குடும்ப விஷயத்தில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. கடற்கரையோரம் வீடு கட்டுகிறவர்கள் கொடுக்கும் விலையை எந்தக் கரும்பாலும் ஈடுகட்ட முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் நிலம் உள்ளே இருக்கிறது, கடற்கரையில் இல்லை. அந்த விலை உங்களுக்கும் கிடைக்கும் என்று தம்பி எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். விற்பதாகவே இருந்தாலும் இலை சுருண்டு நிற்கும் வருடத்தில் வாங்குகிறவரைக் கூட்டிவந்து காட்டாதீர்கள்.

இதை எழுதி முடிக்கும்போதுதான் உங்கள் கடிதத்தில் தீத்தடுப்புப் பாதை பற்றி ஒன்றுமே இல்லை என்பதைக் கவனித்தேன். ஆகஸ்டு, செப்டம்பரில் மலைப்பக்கத்திலிருந்து அந்தச் சூடான காற்று இறங்கும்போது பக்கத்து வயலின் ஒரு பொறி போதும், பச்சையாக வெட்டிப் பரப்பிய சோகை முழுவதும் பற்றிக்கொள்ளும். எல்லையோரம் பாதையைச் சுத்தம் செய்து வைப்பது சட்டப்படி நில உரிமையாளரின் பொறுப்பு. குழி வெட்ட வரும் ஆட்களையே வைத்து, அதே வாரத்தில் அதையும் முடித்துவிடுங்கள். குழியில் பார்த்ததை எழுதி அனுப்பினால் சிவப்பு மேட்டில் எவ்வளவு நடலாம் என்று மேற்கொண்டு பேசுவோம்.